சரித்திரக் கதையில் இடம் மறுக்கப்பட்ட காதல்

மாத்தளை மாவட்டத்தின் வடபால், காட்டின் நடுவே தனித்து எழுந்து நிற்கும் சிகிரியாக் குன்றைக் காணாதார் நம்மிடையே அரியர். ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில் அதன்மீது அரண் அமைத்து வாழ்ந்த காசியப்ப மன்னனின் கதையும், குன்றின் பக்கத்தே தீட்டப்பெற்ற பெண்களின் ஓவியங்களும் பள்ளிச் சிறுவரும் அறிந்தவை. அவ்வோவியங்களுக்குக் கீழே செல்லும் பாதையை ஒட்டிக் கண்ணாடி போல் மெருகேற்றிய சுவர் ஒன்று உண்டு. ஓவியங்களைக் காணும் அவசரத்தில் அச்சுவரைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் இலக்கிய வாசகர் நின்று நோக்க வேண்டியது அச்சுவரையே.

காசியப்பன் மறைந்து சில நூற்றாண்டுகள் கழிந்த பின், பெரும்பாலும் எட்டாம் நூற்றாண்டு முதல் பத்தாம் நூற்றாண்டு வரை, குன்றைக் காண வந்தோர் தம் உள்ளத்தில் தோன்றியவற்றைச் சிங்களச் செய்யுள்களாக அச்சுவரிலே கீறிவிட்டுச் சென்றனர். தொல்பொருள் ஆணையாளராக விளங்கிய செனரத் பரணவிதான அவற்றுள் 685 பாடல்களை வாசித்து 1956இல் இரு தொகுதிகளாக வெளியிட்டார். எழுதியோருள் பிக்குகள் உளர், படைவீரர் உளர், பெண்களும் உளர். ஓவியப் பெண்கள் யாவர் என்பது அவர்களுக்குத் திட்டமாகத் தெரியாது. தெரியாமையே அவர்களுக்கு எழுத இடம் தந்தது. சிலர் அப்பெண்களின் அழகை வியந்தனர். சிலர் அவர்கள் வாய் திறந்து பேசாமையை நொந்தனர். கடந்த காலம் மௌனமாக நிற்க, வந்தவர் ஒவ்வொருவரும் தம் ஆசையையும் ஏக்கத்தையும் அதன்மீது ஏற்றிப் பார்த்தனர்.

இன்று நாம் சரித்திர நவீனம் என்று வழங்குவதும் இத்தகைய செயலே. ஏட்டிலும் கல்லிலும் கிடைத்த சில பெயர்களை வைத்துக்கொண்டு, அவற்றுக்கு நெஞ்சையும் நினைவையும் காதலையும் கொடுப்பது அதன் தொழில். இத்தொழிலை எவர் செய்யலாம், எவருடைய நெஞ்சை அங்கே வைக்கலாம் என்பதுதான் கேள்வி. இக்கேள்வியை எழுப்பியது நூல் அன்று. நான் செய்த தவறு ஒன்றே என்னை இதன்பால் செலுத்தியது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் பகுதி இலக்கிய வட்டம் ஒன்று ஆண்டு மலர் வெளியிட முனைந்தது. வந்த ஆக்கங்களைத் தெரிவு செய்த ஐவருள் நானும் ஒருவன். என்னிடம் முன்பு தமிழ் பயின்று, பின் தொழில் தேடிச் சென்ற இளைஞர் ஒருவர் சிறுகதை அனுப்பியிருந்தார். களம் பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பொலன்னறுவை. தலைமக்கள் வேளைக்காரப் படையினர் இருவர். (வேலைக்காரர் அல்லர், வேளைக்காரர். உரிய வேளை வந்துற்றபோது தலைவனுக்காக உயிரையும் கொடுப்பதாகச் சூள் உரைத்த படையினர் என்பர் அறிஞர்.) விசயபாகு மன்னன் காலத்தில் எழுந்த தந்ததாது ஆலயத்தைக் காக்க அப்படையினர் உடன்பட்டதைக் கூறும் தமிழ்க் கல்வெட்டு பொலன்னறுவையில் இன்றும் நிற்கின்றது. கதையாசிரியர் அதனைக் கவனமாகக் கற்றிருந்தார் என்பது வரிக்கு வரி தெரிந்தது.

கதை எளியது. ஒரே பாசறையில் பல்லாண்டு வாழ்ந்த இருவரும் ஒருவரையொருவர் நேசிக்கின்றனர். அந்நேசம் வெறும் தோழமை அன்று, காதல். ஒருவன் உறுகுணைப் போருக்குச் சென்று மீளவில்லை. ஒரு மாரிக்காலம் முழுதும் காத்திருந்த மற்றவன், தன் காதணியை விற்று, சோழர் கட்டிய வானவன் மாதேவி ஈச்சரத்தில் இறந்தவன் பெயரால் நந்தா விளக்கு வைக்க விழைகின்றான். கோயிற் கணக்கன் ஓலையை எடுத்து, “இறந்தவன் உனக்கு என்ன முறை?” என்று வினவுகின்றான். தமையன், தம்பி, மைத்துனன் என்று எந்த முறையும் இவன் வாயில் வரவில்லை. “அந்த இடத்தை விட்டுவிட்டு எழுதுங்கள்” என்கின்றான். கதை அங்கே முடிகின்றது.

கதையை ஐவரும் வாசித்தோம். நடை நன்று என்பதில் எவருக்கும் ஐயமில்லை. எனினும் கதை மலரில் இடம்பெறவில்லை. அதன் ஓரத்தில், “சரித்திரத்துக்குப் பொருந்தாது” என்று எழுதித் திருப்பி அனுப்பியவன் நான். அச்சொற்களை எழுதுமுன் நான் ஒரு நூலையும் புரட்டிப் பார்க்கவில்லை. சரித்திரத்தின் பெயரால் நான் கூறியது சரித்திரமன்று, என் தயக்கமே என்பதைப் பின்னரே உணர்ந்தேன். அன்று எங்கள் ஐவரிடையே எழுந்த கருத்துக்களும், அதன்பின் வேறு வாசகரிடம் இத்தகைய கதைகள் பற்றி நான் கேட்ட கருத்துக்களும் ஏறத்தாழ ஒரே தன்மையன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து நோக்குதல் பயனுடைத்து.

முதற் கருத்து: “அக்காலத்தில் இத்தகைய காதல் இருந்ததில்லை. இருந்திருப்பின் நூல்களில் காணப்படும்.”

நூல்களில் காணப்படவில்லை என்று கூறுவோர் எந்த நூலைத் தேடினர்? தமிழ் கற்றோர் முதலில் இலக்கண நூலைத் தேடலாம். ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் சொல்லைத் தொல்காப்பியர் எடுத்துக்கொள்ளும்போது, அதனை உயர்திணையின்கண் வைத்தே விதி கூறுகின்றார். அத்தகையோர் மக்களே என்பதில் அவருக்கு ஐயமில்லை. இடைக்காலத்தில், மூன்றாம் குலோத்துங்க சோழன் ஆட்சியை ஒட்டிய காலத்தில், பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் இதனை மேலும் விரிக்கின்றது. பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுவோர் ஆண்பால் என்றும், ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவோர் பெண்பால் என்றும் அது வகுக்கின்றது. ‘அவா’ என்ற சொல்லை நோக்குக. உடல் எதுவாயினும், உள்ளம் எதனை விழைகின்றதோ அதனைக் கொண்டு பாலை வழங்குக என்கின்றார் அம்முனிவர். அதே மூச்சில், இவ்விரு திறத்தாரும் அஃறிணை போலவும் வழங்கப்படலாம் என்று இன்னொரு வாயிலையும் திறந்து வைக்கின்றார். தொல்காப்பியம் உயர்திணையில் வைத்துப் பேசியவர்களை அஃறிணையோடும் சேர்க்க இடைக்கால இலக்கணம் இடம் தந்துவிட்டது. ஒரு சமுதாயத்தின் மதிப்பும் இழிப்பும் ஒரே சூத்திரத்தில் உறைந்து கிடக்கின்றன. இச்சூத்திரத்தை ஆண்டுதோறும் மனப்பாடம் செய்விக்கும் ஆசிரியராகிய நாம் அதன் பொருளைப் பற்றி வாய் திறப்பதில்லை.

பேடியர் நிலை வேறு, ஒரே பாலார் காதல் வேறு என்று கூறுவோர் உளர். அவ்வேறுபாடு உண்மையே. ஆயின் மற்றதற்கும் சான்றுகள் உள. நம் மாத்தளை நகரை அடுத்த அலுவிகாரையிலேதான் கி.மு. முதலாம் நூற்றாண்டில் பௌத்தத் திரிபிடகம் முதன்முதல் ஏட்டில் எழுதப்பட்டது என்பது மரபு. அத்திரிபிடகத்தின் ஒரு பகுதியான தம்மபதத்துக்கு இத்தீவின் பழைய சிங்கள உரைகளை ஆதாரமாகக் கொண்டு பாளியில் ஆக்கப்பட்ட உரையிலே சோரேயன் கதை வருகின்றது. செல்வர் மகனான சோரேயன் நீராடச் செல்லும் வழியில், மகாகச்சாயனத் தேரர் தம் மேலாடையைச் சரிசெய்வதைக் காண்கின்றான். அவர் மேனியின் அழகில் மயங்கி, இவர் எனக்கு மனைவியாக வாய்த்தால் என்ன என்று நினைக்கின்றான். நினைத்த கணமே பெண்ணாக மாறிவிடுகின்றான். ஊரை விட்டு ஓடி, தக்கசீலத்தில் ஒருவனை மணந்து, இரு மக்களைப் பெறுகின்றாள். முன்னரே ஆணாக இருந்தபோதும் அவனுக்கு இரு மக்கள் உண்டு. பின்னர்த் தேரரிடம் மன்னிப்பு வேண்டி மீண்டும் ஆணாகித் துறவு பூணுகின்றான். எந்த மக்கள்மீது அன்பு மிகுதி என்று பிறர் கேட்க, வயிற்றில் சுமந்து பெற்ற மக்கள்மீதே என்று விடை கூறுகின்றான். அறம் போதிக்க எழுந்த கதைதான் இது. அவ்விழைவை அது பாராட்டவில்லை. எனினும் ஓர் ஆண் இன்னோர் ஆணின் மீது கொள்ளும் விழைவை இந்நாட்டுத் துறவியர் அறிந்திருந்தனர், அதனைக் கதையாக்கி மக்களுக்குக் கூறினர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பெண்களைப் பற்றியும் ஒரு சான்று. விடாமுயற்சிக்குப் பகீரதப் பிரயத்தனம் என்று நாம் உவமை கூறுகின்றோம். அப்பகீரதன் பிறந்த வரலாற்றைப் பதினைந்தாம் நூற்றாண்டினரான கிருத்திவாசரின் வங்க இராமாயண ஏடுகள் சில வேறு விதமாகக் கூறுகின்றன. மன்னன் திலீபன் மகப்பேறின்றி இறக்க, அவன் மனைவியர் இருவரும் சிவபெருமான் அருளால் ஒருவரோடொருவர் கூடி வாழ்கின்றனர். அவர்களுள் ஒருத்தி பகீரதனைப் பெறுகின்றாள். கங்கையை மண்ணுக்குக் கொணர்ந்த பெருவீரனை இரு பெண்களின் அன்பில் பிறந்தவனாகப் பாட, வங்கத்து ஏடுகள் கூசவில்லை.

எனவே ‘இல்லை’ என்பது ஆராய்ச்சியின் முடிவன்று. தேடாதவர் கூறும் விடையே அது.

இரண்டாவது கருத்து: “இது மேனாட்டிலிருந்து வந்த பழக்கம். நம் பழம்பெருமையின் மீது அதனைப் பூசுகின்றனர்.”

மேனாட்டிலிருந்து வந்தது எது என்பதை ஆண்டுகளே கூறும். பிரித்தானியர் 1860இல் இந்தியாவுக்கென ஒரு தண்டனைக் கோவையை ஆக்கினர். அதனை முன்மாதிரியாகக் கொண்டு 1883இல் இலங்கைக்கும் ஒரு கோவை வந்தது. இயற்கைக்கு மாறானது என்ற பெயரால் இத்தகைய உறவைக் குற்றமாக்கும் பிரிவு அதனுடன் வந்தது. சட்டத்தை ஏற்றுமதி செய்த இங்கிலாந்து 1967இல் அதனைத் தளர்த்திவிட்டது. நாமோ 1995இல் திருத்தம் செய்தபோது ஆண்களை மட்டும் குறித்த ஒரு பிரிவைப் பெண்களுக்கும் விரித்தோம். இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்டெம்பரில், வயதுவந்தோர் மனமொத்து வாழ்வது குற்றமன்று எனத் தீர்ப்பளித்தது. இலங்கையில் இதே நோக்கில் கொண்டுவரப்பட்ட தனியார் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என 2023இல் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. ஆயினும் 2024இல் அந்தப் பாராளுமன்றம் கலைக்கப்பட்டபோதும் அது சட்டமாகியிருக்கவில்லை. அந்நியன் விட்டுச் சென்ற விலங்கைப் பண்பாடு என்று கருதிப் போற்றுகின்றோம். நம் சொந்த ஏடுகளில் உள்ளதை அந்நியம் என்று தள்ளுகின்றோம்.

இதனைக் கூறும்போது ஓர் எச்சரிக்கையும் வேண்டும். வெள்ளையர் வருமுன் எல்லாம் நன்றாயிருந்தன என்று கூறுவதும் பொய்யே. நன்னூலின் அஃறிணை வாயிலை மேலே கண்டோம். பௌத்த விநய விதிகள் பண்டகர் எனப்பட்டோருக்குத் துறவு நிலையை மறுத்தன. சாதியும் அடிமை முறையும் நிலவிய காலத்தில், எளியவன் ஒருவனின் காதலுக்கு மட்டும் முழு விடுதலை கிடைத்திருக்கும் என்று எண்ணுவது பேதைமை. பொற்காலம் பாடும் கதையும் வரலாற்றுக்குத் துரோகமே செய்கின்றது.

மூன்றாவது கருத்து: “நட்பைக் காதலாகத் திரிக்கின்றனர். இனிக் கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் விட்டுவைக்க மாட்டார்கள்.”

இக்கருத்தில் நியாயம் உண்டு. கண்ணால் காணாமலே நட்புப் பூண்டு, வடக்கிருந்து உயிர்விட்ட மன்னனுக்கு அருகே தமக்கென விடப்பட்ட இடத்தில் தாமும் வடக்கிருந்து உயிர்நீத்த புலவரின் வரலாறு நட்பின் சிகரமாகவே நம்மிடம் வந்துள்ளது. பழகிக் கூடுதலின்றி உணர்ச்சியே நட்பைத் தரும் என்ற குறளுக்கு உரை கூறும் பரிமேலழகரும் அவ்விருவரையே எடுத்துக்காட்டாகக் கொண்டார். சிங்கள மரபில் இதற்கு இணையான கதை ஒன்றுண்டு. ஜானகீஹரணம் இயற்றிய குமாரதாச மன்னன், தன் நண்பன் காளிதாசன் மாத்தறையில் கணிகை ஒருத்தியால் கொலையுண்டது அறிந்து, அவனது சிதையிலே தானும் பாய்ந்தான் என்பது அது. காலக் கணக்கு ஒத்துவராமையால் வரலாற்றாசிரியர் இதனை ஐயுறுவர். ஆயினும் மக்கள் அதனைப் பல நூற்றாண்டாக நினைவில் வைத்துள்ளனர்.

இவ்விரண்டையும் தன்பால் காதல் என்று அடித்துக் கூற எனக்குச் சான்றில்லை, கூறவும் மாட்டேன். நட்பு நட்பாகவே பெரியது. அதனை வேறொன்றாக மாற்றினால்தான் அதற்குச் சுவை உண்டாகும் என்று எண்ணுவது நட்பைச் சிறுமைப்படுத்துவதாகும். ஆனால் மறுபுறமும் நோக்குதல் வேண்டும். ஓர் ஆணும் பெண்ணும் ஒருவர் சிதையில் மற்றவர் பாய்ந்ததாக ஒரு கதை இருந்திருப்பின், அவர்கள் காதலர் என்பதற்கு நாம் வேறு சான்று கேட்டிருப்போமா? ஓரிடத்தில் கேளாத சான்றை மற்றோரிடத்தில் மட்டும் கேட்பது நடுவுநிலை ஆகாது.

நம் வாசகர் பெரிதும் விரும்பும் சரித்திர நவீனத்தையே எடுத்துக்கொள்வோம். 1950 முதல் 1954 வரை கல்கி எழுதிய ‘பொன்னியின் செல்வ’னில் வந்தியத்தேவன் ஈழத்துக் காட்டு வழியே நம் தம்புள்ளைப் பக்கம் வந்து இளவரசன் அருள்மொழியைச் சந்திக்கின்றான். அவ்வந்தியத்தேவனைப் பற்றிக் கல்வெட்டு கூறுவது யாது? தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டு குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்று குறிக்கின்றது. அந்தச் சில சொற்களிலிருந்து ஆயிரக்கணக்கான பக்கங்களில் ஒரு காதலை வளர்த்தார் கல்கி. நந்தினிக்கும் பூங்குழலிக்கும் அத்தனை ஆதாரமும் இல்லை. இருவரும் கற்பனைப் பாத்திரங்கள். கற்பனை என்பதற்காக அவர்களை எந்த வாசகரும் வெறுக்கவில்லை. நந்தினியைக் கல்வெட்டில் தேடாத நாம், இரு வேளைக்காரரின் காதலுக்கு மட்டும் கல்வெட்டைக் கேட்டோம். அக்கதையின் இறுதியைக் கவனித்திருந்தால் நாங்கள் நாணியிருக்க வேண்டும். கல்வெட்டில் அக்காதல் ஏன் இல்லை என்பதைத்தானே அக்கதை கூறியது! எழுதுபவன் கேட்ட முறைக்கு இவனிடம் சொல் இல்லை. சொல் இல்லாமையால் வாழ்வும் இல்லை என்று முடிவு கட்டலாமா?

நான்காவது கருத்து, எங்களுள் மிக நுணுக்கமாக வாசிப்பவர் ஒருவர் கூறியது: “அக்கால மனிதன் தன்னை இக்காலச் சொற்களால் எண்ணியிருக்க மாட்டான். ஆசிரியர் இன்றைய உரிமைப் போராட்ட வீரனுக்கு வேளைக்கார உடை அணிவித்திருக்கின்றார்.”

இலக்கிய முறையில் இதுவே கனமான குறை. இடைக்கால மனிதனுக்குக் குலமும் ஊரும் தலைவனும் தெய்வமும் முன்னே நின்றன. தன் காதலை வைத்தே தான் யார் என்று அறிவிக்கும் வழக்கம் பிற்காலத்தது. இவ்வேறுபாட்டை உணராது எழுதப்படும் கதைகள் பல மொழிகளிலும் உள. அவற்றில் வாளும் கேடயமும் பழையன, பேச்சு மட்டும் நேற்றையது. அத்தகைய கதையைக் குறை கூற வாசகருக்கு முழு உரிமை உண்டு. ஆயின் இக்குறை தன்பால் காதலைக் கூறும் கதைக்கு மட்டும் உரியதா? நம் சரித்திர நவீனங்களில் சோழ இளவரசிகள் கல்லூரி மாணவியர் போல் பேசவில்லையா? அங்கெல்லாம் புன்முறுவலோடு கடந்து செல்கின்றோம். இக்குறைக்கு மருந்து கதையைத் தள்ளுவதன்று, காலத்தை ஆழ்ந்து கற்று எழுதுமாறு ஆசிரியரைத் தூண்டுவதே. அவ்விளைஞரோ அதனைச் செய்தே இருந்தார். ‘முறை’ என்ன என்ற கேள்வியின் முன் அவருடைய வீரன் தடுமாறுகின்றான். இன்றைய வீரனாயின் ஒரு பிரசங்கம் செய்திருப்பான்.

வாசகர் எவரும் வாய்விட்டுக் கூறாத ஐந்தாவது கருத்து ஒன்றுண்டு. ‘இத்தகைய காதல் கதையில் வரலாம், ஆனால் நம்மவரிடம் வரலாகாது’ என்பது அது. 2018இல் வெளியான ‘பத்மாவத்’ என்ற இந்தித் திரைப்படத்தைக் கண்டோர் இதனை எளிதில் உணர்வர். அதிலே தில்லிச் சுல்தான் அலாவுதீன் கில்ஜிமீது மாலிக் கபூர் கொண்ட மோகம் காட்டப்படுகின்றது. அதற்கு ஓரளவு ஆதாரமும் உண்டு. பதினான்காம் நூற்றாண்டில் வரலாறு எழுதிய பரணி, மாலிக் கபூர்பால் சுல்தான் கொண்ட மயக்கத்தைக் கண்டித்து எழுதியுள்ளார். 1311இல் மதுரைவரை படையெடுத்து வந்தவன் அம்மாலிக் கபூரே. ஆனால் திரைப்படத்தில் அந்த மோகம் எதற்குப் பயன்படுகின்றது? கொடுங்கோலனின் கொடுமைக்கு இன்னொரு சாயம் பூசவே பயன்படுகின்றது. இராசபுத்திரரின் காதல் தூயது, சுல்தானுடையது திரிந்தது என்று காண்போர் மனத்தில் பதிகின்றது. ஒரு மதத்தார்மீதுள்ள வெறுப்பும் ஒரு காதலின் மீதுள்ள வெறுப்பும் கைகோத்து ஒன்றையொன்று வளர்க்கின்றன. பகைவனுக்கு இக்காதலைக் கொடுக்கும்போது எவரும் கல்வெட்டுச் சான்று கேட்பதில்லை. நம் வீரனுக்குக் கொடுத்தால்தான் சரித்திரம் நினைவுக்கு வருகின்றது.

நம் தீவிலும் இக்காதலைத் தலைமகனுக்கு அளித்த சரித்திர நவீனம் உண்டு. இலங்கையில் பிறந்து கனடாவில் வாழும் ஷியாம் செல்வதுரை 1998இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘சினமன் கார்டன்ஸ்’ அது. களம் இடைக்காலம் அன்று. டொனமூர் ஆணைக்குழு வந்த 1927ஆம் ஆண்டை ஒட்டிய கொழும்பு. முதலியார் ஒருவரின் மகன் பாலேந்திரன், மனைவியும் மகனும் உடையவன், இங்கிலாந்தில் தான் நேசித்த ஆண் நண்பன் மீண்டும் எதிரே வந்து நிற்பதைக் காண்கின்றான். வர்க்கமும் குடும்பமும் சாதியும் ஒரு மனிதனின் நெஞ்சை எவ்வாறு பூட்டி வைக்கின்றன என்பதை அந்நூல் காட்டுகின்றது. அதில் குற்றவாளியும் இல்லை, கோமாளியும் இல்லை. ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையை ஆங்கிலத்தில் எழுத முடிந்தது. தமிழில் எழுதிய ஒருவருக்கு நாங்கள் வாயிலை அடைத்தோம்.

முற்போக்கு எண்ணம் கொண்ட வாசகருக்கு ஒன்றை நினைவூட்ட விரும்புகின்றேன். 1960களின் தொடக்கத்தில் ஈழத்து இலக்கிய உலகில் மரபு பற்றிய பெரும் விவாதம் எழுந்தது. ஒடுக்கப்பட்ட மக்களை அவர்தம் பேச்சு மொழியோடு கதைக்குள் கொண்டுவந்த எழுத்தாளரை நோக்கி, அது இழிசனர் வழக்கு, இலக்கியத்துக்கு ஆகாது என்று பண்டிதர் சிலர் கூறினர். டொமினிக் ஜீவா, கே. டானியல் முதலியோரின் தலைமுறை அதனை எதிர்த்து நின்று வென்றது. தேயிலைத் தோட்டத்து லயத்தில் வாழ்ந்த தொழிலாளியும் கதைத் தலைவனாகலாம் என்பதை மலையகத்து நாமும் அப்போராட்டத்தின் பயனாகவே பெற்றோம். அன்று பண்டிதர் கூறிய வாதங்கள் யாவை? இவர்கள் பழைய இலக்கியத்தில் இல்லை. இது நம் மரபன்று. இதனால் தமிழின் தூய்மை கெடும். ஆண்டு மலருக்காகக் கூடிய நாங்கள் ஐவரும் கூறியவற்றை இவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். பெரிய வேறுபாடு ஒன்றையும் காணவில்லை.

இலக்கியத்தில் இடமில்லை என்று ஒருவரிடம் கூறுவது வெறும் இலக்கியத் தீர்ப்பாக முடிவதில்லை. தன்னைப் போன்ற ஒருவன் இம்மண்ணில் முன்னர் வாழ்ந்தானா என்று தேடுபவனுக்கு, ‘இல்லை, நீ மட்டுமே, நீயும் வேற்று நாட்டுச் சரக்கு’ என்று கூறுவதாக அது முடிகின்றது. சட்டம் ஒருபுறம், வீடு ஒருபுறம், தொழிற்சாலை மேலாளனின் ஏளனம் ஒருபுறம் நெருக்க, அவன் ஒதுங்கி நிற்கப் பழைய கதையின் நிழலாவது வேண்டாமா? மன்னருக்கும் இளவரசியருக்கும் அந்நிழலை வாரி வழங்கிய நாம், பாசறையின் மூலையில் கிடந்த எளிய வீரனுக்கு மறுத்தோம்.

அண்மையில் அவ்விளைஞரின் முகவரியைத் தேடிப் பெற்றுக் கடிதம் எழுதினேன். என் குறிப்பு தவறானது என்றும், கதையின் படி இருந்தால் அனுப்புமாறும் கேட்டேன். ஒரு மாதம் கழிந்து விடை வந்தது. படி இல்லையாம். திருப்பி வந்த தாளை அன்றே கிழித்துவிட்டாராம். அதன்பின் எழுதுவதில்லையாம். கடிதத்தின் இறுதியில், “சேர், அந்தக் கல்வெட்டு மட்டும் இன்னும் நினைவில் இருக்கிறது” என்று எழுதியிருந்தார்.

சிகிரியாச் சுவரில் இன்று எவரும் எழுதலாகாது. அது சட்டப்படி குற்றம். பழையதைக் காக்க அத்தடை தேவையே. ஆனால் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் அங்கே எழுத வந்தவரைத் தடுத்து, நீ எவரை நேசிக்கின்றாய் என்று கேட்டுப் பொருந்தாதவரைத் திருப்பி அனுப்பும் காவலன் ஒருவன் நின்றிருந்தால் எத்தனை பாடல்கள் நமக்குக் கிடைக்காமல் போயிருக்கும்! எங்கள் வட்டம் அடுத்த மலருக்கு ஆக்கங்கள் கோரியுள்ளது. தெரிவுக் குழுவில் இம்முறையும் நான் இருக்கின்றேன். மீண்டும் எழுதுமாறு அவருக்கு இரண்டாவது கடிதம் அனுப்பியிருக்கின்றேன்.